நாலு மணி பஸ்ஸில் வந்த ருஷ்யக் கரடி

சோவியத் யூனியன் என்ற நாடு இனிமேல் இல்லை என்று பேப்பரில் வந்த அன்று, திருநெல்வேலி ஜங்ஷனில் பாபநாசம் பஸ் ஏறி, கூட்டத்தில் கடைசிவரை நின்றுகொண்டே வந்து, சாயங்காலம் நாலு மணிக்கு விக்கிரமசிங்கபுரத்தில் என் மருந்துக் கடைக்கு எதிரே ஒரு கரடி இறங்கியது. அதன் தோளில் துணிமூட்டை இருந்தது, தலையில் சிவப்பு நட்சத்திரம் குத்திய தொப்பி இருந்தது, வயிற்றில் கொட்டை எழுத்தில் 'சோவியத்' என்று எழுதியிருந்தது, பஸ் தூசியில் அந்த எழுத்து கொஞ்சம் மங்கியிருந்தது. யாரும் ஓடவில்லை. மலையடிவாரத்து ஊர் எங்களுடையது. பலா பழுத்தால் கரடி இறங்கும், தேன்கூடு கண்டால் கரடி ஏறும், அதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போன சங்கதி. தொப்பி போட்ட கரடியும் பழக்கம்தான், இருபத்தெட்டு வருஷமாகக் காலை டீயோடு சேர்த்து அதைப் பேப்பரில் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பஸ்ஸில் பார்த்தது மட்டும் அன்றைக்குத்தான்.

பேப்பரில் அதை வரைந்தவர் எங்கள் ஊர் வேதமாணிக்கம் சார். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தபடியே திருநெல்வேலியிலிருந்து வரும் 'பொருநைச் செய்தி'க்குக் கார்ட்டூன் போட்டு, தினமும் மத்தியானம் இரண்டு மணி பஸ்ஸில் கவரைக் கொடுத்தனுப்புவார். அவர் வரைகிற உலகத்தில் மனுஷன் என்று யாரும் கிடையாது. இங்கிலாந்து பல் போன சிங்கம், அமெரிக்கா மூக்கு வளைந்த கழுகு, பிரான்ஸ் சேவல், சீனா டிராகன், நம் நாடு எந்நேரமும் தும்பிக்கையைச் சொறிந்துகொண்டு யோசிக்கிற யானை. ஒவ்வொன்றின் வயிற்றிலும் நாட்டின் பெயரை எழுதியே ஆகவேண்டும், எழுதாவிட்டால் ஜனங்களுக்குப் புரியாது என்பது அந்தப் பத்திரிகை ஆசிரியரின் சட்டம். படத்தைச் சுற்றி நாலு பக்கமும் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போடுவது சாரின் சட்டம். அன்றைய பேப்பருக்குக் கரடி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற மாதிரி வரைந்தவர், இத்தனை வருஷம் வரைந்த கை கலங்கியதாலோ என்னவோ, கட்டத்தின் வலதுபக்கக் கோட்டைப் போட மறந்துவிட்டார். திறந்து கிடந்த பக்கமாகக் கரடி நடந்து, சினிமா விளம்பரங்களையும் ஒரு கண்ணீர் அஞ்சலியையும் தாண்டி, பேப்பரைவிட்டு இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டது. அது எப்படி முடியும் என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். எங்களுக்கு அன்று அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது, கரடியை எங்கே தங்கவைப்பது என்பது.

எங்கள் ஊர் மில் ஊர். சிவப்புக் கொடிக் கட்சி இரண்டு, ஆபீஸும் இரண்டு, எதிரெதிரே. கரடி எங்களுக்குத்தான் உறவு என்று இரண்டு ஆபீஸ்காரர்களும் ரோட்டில் நின்று சத்தம் போட்டார்கள். ஒருத்தர் கரடியின் வலது கையையும் இன்னொருத்தர் இடது கையையும் பிடித்துக்கொள்ள, கரடி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்து, "அண்ணாச்சிமாரே, எனக்குக் கை வலிக்கி" என்றது. அதற்குத் தமிழ் தெரியும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவேதான் சண்முகக்கனியக்கா ஓடிவந்தாள். மடியில் பீடித் தட்டை வைத்திருந்தவள் அப்படியே எழுந்து வந்திருக்கிறாள், பல்லிடுக்கில் நூல் தொங்கியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கரடிக்கு முன்னால் போய் நின்று, வேறு எதுவும் கேட்காமல், "எய்யா, எம் மவனப் பாத்தியா?" என்றாள்.

அவள் மகன் ககாரின். யூனியன்காரரான அப்பா முதன்முதலாக விண்வெளிக்குப் போன ருஷ்யாக்காரரின் பெயரை ஆசையாக வைத்துவிட்டுச் சீக்கிரமே போய்ச்சேர்ந்துவிட்டார். பீடி சுற்றியே அவனை வளர்த்தாள் அக்கா. யூனியன்காரர்கள் எழுதிப்போட்டு, உபகாரச் சம்பளம் கிடைத்து, அந்த நாட்டில் மின்ஸ்க் என்கிற ஊரில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தான். பதினைந்து நாளுக்கு ஒரு கடிதம் தவறாமல் வரும். ஐப்பசியிலிருந்து ஒன்றும் வரவில்லை. இவள் எழுதின கடிதத்துக்குப் பதில் இல்லை. சாப்பிடுகிறானா, படுத்துக் கிடக்கிறானா, இருக்கிறானா என்றே தெரியாமல் அவள் கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்திருந்தது, தூக்க மாத்திரை கேட்டு இரண்டு தடவை என் கடைக்கு வந்தவளை நான் திட்டி அனுப்பியிருந்தேன்.

கரடி அவளை ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "எக்கா, காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல" என்றது. பார்த்தேன் என்றும் சொல்லவில்லை, பார்க்கவில்லை என்றும் சொல்லவில்லை. அக்காவுக்கு அது போதும். "வா, வீட்டுக்குப் போவோம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள், இரண்டு கட்சியும் பார்த்துக்கொண்டே நின்றது.

கரடி வந்த நாலாம் நாள் ஃபாரஸ்ட் ரேஞ்சர் வலையோடு ஜீப்பில் வந்தார். வந்து பார்த்தவர் கரடியின் நெஞ்சில் மாலை போட்ட மாதிரி இருந்த வெள்ளைப் பட்டையைக் காட்டி, "இது நம்ம மலைக் கரடில்லா, ருஷ்யாக்காரனுக்கு ஏது இது?" என்றார். விஷயம் என்னவென்றால், வேதமாணிக்கம் சார் ஜென்மத்தில் பார்த்த கரடி எங்கள் மலைக் கரடி ஒன்றுதான். கறுப்பு உடம்பும் சடைமுடியும் நெஞ்சில் வெள்ளைப் பட்டையுமாக அதையேதான் அத்தனை வருஷமும் சோவியத் என்று எழுதி வரைந்துகொண்டிருந்தார். ஒரு வாசகர் இதைக் குறை சொல்லி எழுதியபோது, "அங்க இருக்கதும் கரடிதான வே" என்று பதில் போட்டவர் அவர். ரேஞ்சர் கேட்டதற்குக் கரடி கைகட்டி நின்று, "ஐயா, நான் காட்டையே பாத்ததில்ல, பேப்பர்லதான் பொறந்து வளந்தேன்" என்றது. எந்த ரிஜிஸ்டரிலும் இதற்கு இடம் இல்லை என்று ரேஞ்சர் யோசித்துப் பார்த்துவிட்டு, அக்கா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, வலையைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அப்புறம் கரடி ஊரில் ஒரு ஆள் ஆகிவிட்டது. பீடியின் தலையை மடக்கிவிடுவதற்கு அதன் நகம் அளவெடுத்துச் செய்தது போல இருந்தது; அக்கா சுற்றிப்போடப் போடக் கரடி உட்கார்ந்து மடக்கும், இரண்டு பேருமாக ஆயிரத்தைச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள், பீடிப் புகை மட்டும் அதற்கு ஆகாது, தெருவில் யாராவது பற்றவைத்தால் எழுந்து உள்ளே போய்விடும். டீக்கடைப் பெஞ்சில் அதற்கென்று ஒரு மூலை ஒதுங்கியது. மற்ற மிருகங்களைப் பற்றி நாங்கள் கேட்டுக் கேட்டு அதற்கு வாய் வலிக்கும். கழுகு நிஜத்தில் மோசமானவன் இல்லையாம், மூக்கை அப்படி வளைத்து வரைந்தால் யார்தான் நல்லவனாகத் தெரிவான் என்று கேட்டது. சிங்கத்துக்குப் பல் இல்லாததால் கஞ்சிதான். யானை ரொம்ப நல்லவன், ஆனால் ஒரு முடிவும் எடுக்கமாட்டான், கட்டத்துக்குள் எந்தப் பக்கம் உட்காருவது என்று கேட்டே ஒரு மணி நேரம் ஆக்குவான். "அணுகுண்டத் தூக்கி மொறச்சிக்கிட்டு நிப்போம், மை காயட்டும்னு. காஞ்சப் பொறவு அவனும் நானும் முதுகச் சாய்ச்சு ஒக்காந்துக்கிடுவோம்" என்று கழுகைப் பற்றிச் சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டது. எந்தப் பெரிய பத்திரிகையிலும் வராத இந்தச் செய்திகளை எங்கள் ஊர் வாய்பிளந்து கேட்டது.

தை பிறந்து பனி இறங்கியது. எங்கள் ஊர்ப் பனி என்ன பெரிய பனி, ஒரு துண்டைத் தலையில் கட்டினால் சரியாகிவிடும். கரடி அதற்கே இரண்டு சாக்கை உடம்பில் சுற்றிக்கொண்டு பல் அடிக்க நடுங்கியது. "ருஷ்யக் கரடிக்குப் பாபநாசம் குளிரு தாங்கலயாம்லே" என்று ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன், என் சிரிப்புத்தான் எல்லாவற்றிலும் சத்தமாக இருந்திருக்கும். சிரித்த எங்களில் ஒருத்தனுக்கும் அதற்கு மேல் யோசனை போகவில்லை.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட முடிவெடுத்திருந்தாள். ஒரு நாள் காலையில் கரடியையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, இந்தப் பாரத்தப் பூர்த்தி பண்ணித் தாங்க. நானே போயி எம் புள்ளையக் கூட்டியாரப் போறேன்" என்றாள்.

"எக்கா, அம்பாசமுத்திரம் தாண்டி நீ தனியாப் போனதில்லையே. அந்தத் தேசத்துல போயி யாருட்ட வழி கேப்ப?"

"நான் ஏன் கேக்கணும்? இவன் வருவான்லா. அவன் ஊரு அவனுக்குத் தெரியாதா?" என்று கரடியின் முதுகில் தட்டினாள்.

நான் பேனாவைத் திறந்தேன். கரடி என் கையைப் பிடித்துக்கொண்டது.

"எழுதாதிய அண்ணாச்சி" என்றது. பிறகு அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னது: "எக்கா, நான் அந்த ஊருக்குப் போனதே இல்ல. எனக்கு ருஷ்ய பாஷையில ஒரு எழுத்துத் தெரியாது. பனின்னு சார் ஒண்ணும் வரையமாட்டாரு, பேப்பர வெள்ளையா விட்டுருவாரு, அதுலதான் நின்னேன். ஒன் மவன நான் பாத்ததில்ல. அன்னிக்கே சொல்லிருக்கணும். பசியில வாய் வரல. பொறவு நீ சோறு வச்ச, பொறவு சொல்லப் பயமாப்போச்சு."

அக்கா பாரத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்து போனாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை; நாற்பது நாள் ஒரு தாயை ஏமாற்றிச் சாப்பிட்டாயே, நீ மிருகமா என்று கத்தினேன், அது மிருகம்தான் என்பது கத்திமுடித்த பிறகுதான் உறைத்தது. கரடி பஸ் ஸ்டாப் நிழற்குடையில் போய்ச் சாக்கைப் போர்த்திக்கொண்டு சுருண்டது. டீக்கடைக்காரர் அதற்கு டீ கொண்டுபோகவில்லை.

மறுநாள் காலையில் நான் கடையைத் திறக்கும்போது சண்முகக்கனியக்கா நிழற்குடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"எந்திரி. சோறு ஆறுது" என்றாள்.

கரடி எழவில்லை.

"நீ பொய் ஒண்ணும் சொல்லலையே. நாந்தான் ஒன்னியப் பாத்ததும், இவன் அங்கருந்து வந்துட்டான், எம் புள்ளையும் வந்துருவான்னு நெனச்சேன். ஒரு மாசமாக் கண்ணு மூடாமக் கெடந்தவ, நீ வந்த அன்னிக்குத்தான் தூங்குனேன். நாப்பது நாளு தூங்கிருக்கேன். அது ஒன்னாலதான. அதுக்கு நான் ஒனக்கு நன்றி சொல்லணும்."

எங்கள் பக்கத்தில் நன்றி என்கிற வார்த்தையை மேடையில்தான் சொல்வார்கள், வீட்டு ஆட்களுக்குச் சொல்வதில்லை. அவள் அதை நடுரோட்டில் நின்று ஒரு கரடியிடம் சொன்னதைக் கேட்டபோது நேற்றுக் கத்தினதை நினைத்து வெட்கமாக இருந்தது, அதை இங்கே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

கரடி எழுந்து உட்கார்ந்து, முகத்தைச் சாக்கில் துடைத்துக்கொண்டு, "எக்கா, நான் போறேன். போயிப் பாத்துட்டு வாரேன்" என்றது.

"கோட்டி புடிச்சிட்டா ஒனக்கு? இந்தக் குளிரே தாங்கல. அங்க போனாச் செத்துப் போவ."

"ஒன் மவனும் இந்த ஊரு வெயிலுல பொறந்தவன்தான எக்கா. அவன் இருக்கான்ல."

அக்கா அதன் கையைப் பிடித்து எழுப்பிச் சோற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

வழி எங்களுக்குத் தெரிந்ததுதான். வலது கோட்டை விட்டதால் இங்கே வந்தது. சார் அதை மறுபடி கட்டத்துக்குள் வரைந்து, இடது கோட்டை விட்டு, அந்தப் பக்கம் மின்ஸ்க் மருத்துவக் கல்லூரி ஹாஸ்டல் வாசலை வரைந்தால் அங்கே போகும். ககாரின் முதல் வருஷம் அனுப்பிய போட்டோ ஒன்றில் அந்த வாசல் இருந்தது. மூன்றே நாளில் ஊர் கரடியை அனுப்பத் தயாரானது. மில் கம்பளி இரண்டைச் சேர்த்து டெய்லர் கோட்டு தைத்தார். இரண்டு கட்சி ஆபீஸும், பிரிந்த நாளிலிருந்து முதல் தடவையாக, ஒரு ரசீதுப் புத்தகமும் இல்லாமல், ஒரே சாக்கில், கையுறையும் மப்ளரும் குரங்குக் குல்லாயும் சேர்த்துக்கொண்டு வந்து கொடுத்தன. அக்கா புளிக்காய்ச்சலும் எள்ளுப்பொடியும் நார்த்தங்காயும் முறுக்கும் கட்டினாள். நான் இருமல் மருந்து, காய்ச்சல் மாத்திரை, நெஞ்சில் தடவுகிற தைலம் என்று கடையில் பாதியைப் பெட்டியில் அடைத்தேன், எந்த மாத்திரை எதற்கு என்று கரடிக்கு இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தேன்.

வேதமாணிக்கம் சார் வீட்டுக் கூடத்தில் கரடியைப் பாயில் உட்காரவைத்து வரைய ஆரம்பித்தார். கோட்டு, குல்லாய், சாக்கு, பெட்டி எல்லாம் வரைந்து, வயிற்றுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். "இங்க என்ன எழுதன்னு தெரியலையே" என்றார். பெயர் இல்லாத மிருகத்தை ஆசிரியர் அச்சேற்றமாட்டார். 'சோவியத்' என்று எழுதினால் அப்படியொரு நாடு இல்லை. ருஷ்யா என்று எழுதினால் இது ருஷ்யாவைப் பார்த்ததே இல்லை. இந்தியா என்று எழுத யானை இருக்கிறது. சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள், ஒன்றும் பொருந்தவில்லை. கரடி தன் வயிற்றையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது; பழைய எழுத்து முழுக்க அழிந்து அங்கே வெறும் மயிர்தான் இருந்தது.

"எங்க வீட்டு ஆளுன்னு எழுதுங்க சார்" என்றாள் அக்கா.

சார் அவளை நிமிர்ந்து பார்த்தார், பிறகு மையைத் தொட்டு, 'எங்கள் வீட்டு ஆள்' என்று தன் நல்ல கையெழுத்தில் எழுதினார். கரடிக்குத் தோள் குலுங்கியது. அழாதே, கோடு ஆடுகிறது என்று அதட்டிய சாரின் கண்ணும் சரியில்லை. கடைசி நகத்தை வரைந்துவிட்டு அவர் தலைதூக்கியபோது எதிரே பாய் காலியாக இருந்தது.

இரண்டு மணி பஸ்ஸை வழியனுப்ப மில் ஷிப்டு முடிந்து வந்தவர்கள் எல்லாம் நின்றார்கள். கரடி இருந்த கவருக்கு ஜன்னல் சீட்டு போட்டார்கள். பஸ் திரும்பும்வரை அக்கா கையாட்டிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் ஆசிரியர் என் கடைக்குப் போன் போட்டு, இது எந்த நாடு என்று கத்தினார். கடையில் நின்ற சார் போனை வாங்கி, "அச்சடியும் வே, விளங்கும்" என்று வைத்துவிட்டார். மறுநாள் பேப்பரில் கட்டம் இருந்தது, இடதுபக்கம் கோடு இல்லை, ஓரத்தில் ஒரு வாசல் இருந்தது, உள்ளே யாரும் இல்லை. வெள்ளையில் வாசலை நோக்கிப் போகிற காலடித் தடம் மட்டும்தான். இதைவிட ஆழமான அரசியல் விமர்சனம் இந்த வருஷம் வரவில்லை என்று ஏழு வாசகர்கள் பாராட்டி எழுதியதாகப் பின்னால் ஆசிரியரே சொன்னார்.

அதற்குப் பிறகு எங்களால் செய்ய முடிந்தது ஒன்றும் இல்லை. அக்கா பீடி சுற்றினாள், தலையைத் தானே மடக்கினாள். போகிறவர்கள் வருகிறவர்கள் அவளிடம் மகனைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள், பதில் இல்லாத கேள்வியைக் கேட்டு என்ன ஆகப்போகிறது. தை போய் மாசி வந்தது.

மாசி பதினாலாம் தேதி காலை பத்து மணிக்கு என் கடைப் போன் நீளமாக, வேறு மாதிரி அடித்தது. எடுத்தேன். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல், "அண்ணாச்சி, நான் ககாரின் பேசுதேன், அம்மையக் கூப்பிடுங்க" என்றது. நான் கூப்பிட்ட சத்தத்தில் தெருவே வந்துவிட்டது. அக்கா தட்டைப் போட்டது போட்டபடி ஓடிவந்து போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றதால் அவன் பேசியதும் எனக்குக் கேட்டது.

"எம்மா, நல்லாருக்கேன். நெஞ்சுல சளி கட்டிக் கெடந்தேன், உபகாரச் சம்பளமும் நின்னுபோச்சு, எழுதக்கூட முடியல. இப்பச் சரியாயிட்டும்மா. அண்ணாச்சி குடுத்த மருந்துதான். பரீட்சை எழுதிக்கிட்டு இருக்கேன். முடிச்சு டாக்டராத்தான் வருவேன்."

அவள் கண்ணீர் போனில் இறங்கியது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அவன் எங்கய்யா? பக்கத்துல இருக்கானா? குடு" என்றாள்.

"இல்லம்மா. ரொட்டி வரிசையில நிக்கான். விடியமுன்ன போனாத்தான் கெடைக்கும், நாங்க போனாப் படிப்புக் கெடும்னு ஹாஸ்டல்ல எங்க ஒம்பது பேருக்கும் சேத்து அவன்தான் தெனமும் போயி நிக்கான்."

"அவனுக்குக் குளிருமே ராசா."

"குளிரத்தாம்மா செய்யுது. திரும்பிப் போயிரு, சார்ட்ட எழுதி வரையச் சொல்லுதேன்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். இத்தன வருஷம் சும்மா வெள்ளப் பேப்பர்ல நின்னேன், இப்பத்தான் ஒரு காரியத்துக்காக நிக்கேன், நீ பரீட்சைய எழுதுலேங்கான்."

அத்தோடு லைன் அறுந்துவிட்டது. அக்கா போனை வைக்காமல் கொஞ்ச நேரம் காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். நான்தான் மெதுவாக வாங்கி வைத்தேன். வெளியே டெய்லரும், டீக்கடைக்காரரும், வேதமாணிக்கம் சாரும், இரண்டு ஆபீஸ்காரர்களும், பாதி மில்லும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"பையன் எப்படி இருக்கானாம்?" என்று கேட்டார் சார்.

சண்முகக்கனியக்கா கடைப் படியில் நின்று, எல்லாரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"பயலுவ ரெண்டு பேரும் நல்லாருக்கானுவ சார்" என்றாள்.